‘சித்தே சிரமம்’ என்ற சம்பந்திக்கு

என் அருமைச் சம்பந்தி கோபாலசாமிக்கு, ஆயுள் முழுவதும் அண்ணாந்து பார்த்த சூரியனையும் கடந்து இன்று பெருமாள் திருவடியில் அமர்ந்திருக்கும் உமக்கு, பூமியில் இன்னும் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் வரதராஜன் எழுதிக்கொள்வது.

க்ஷேமமா என்று உம்மைக் கேட்பது அபத்தம். நாங்கள் க்ஷேமமா என்று நீர்தான் கேட்க வேண்டும். கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். உம்மால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல, ஓய். நீர் இருந்தபோது பட்டது போதாதென்று, போன பிறகும் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை இவ்வூர்த் தமிழர்கள் நடத்தும் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் சம்பந்தியைக் குறை சொல்வது முறையா என்று என் சகதர்மிணி கேட்கிறாள். முறையில்லைதான். ஆனால் முறை பார்த்துப் பார்த்துத்தானே நாம் இருவரும் இந்தக் கதிக்கு வந்தோம்?

நம்மை அறியாதவர்களும் படிப்பார்கள். ஆகையால் உமக்குத் தெரிந்ததை உமக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளும். நீர் காந்த ஊசி வீட்டில் உத்தியோகம் பார்த்தீர். வெளிச்சம் புகாத ஓர் அறையில் மெல்லிய இழையில் காந்த ஊசி தொங்கும். அது எந்தப் பக்கம் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது உமது வேலை. கல்கத்தா டிராம்கள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியதும் ஊருக்குள் ஊசிக்கு நிம்மதி போயிற்று. அதனால் உமது ஊசி வீடு நதியோரமாக வடக்கே வெகுதூரம் தள்ளி இருந்தது. காலையில் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, அதில் தெரியும் கறைகளையும் வரைந்து வைப்பீர். நானோ ஊர் நடுவில் தந்தி ஆபீஸில், நெடுந்தூரக் கம்பிகளின் கூடத்துக்குத் தலைமை. உமது மகள் கமலம் என் மகன் ரங்கனின் மனைவி. டாலிகஞ்சில் எங்களோடு இருக்கிறாள். ரங்கனுக்கோ கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் தந்தி நிலையத்தில் வேலை. கடல் அமைதியா, கொந்தளிப்பா என்று அங்கிருந்து அவன் தட்டுகிற செய்தியைப் பார்த்துத்தான் இங்கே படகுகளை விடுவதும் நிறுத்துவதும்.

சூரியனில் கறை உண்டு என்று நீர் முதன்முதலில் சொன்னபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். மூன்று வேளையும் எவனுக்கு அர்க்கியம் விடுகிறேனோ, வேதம் எவனை உலகின் கண் என்று வாழ்த்துகிறதோ, அவன் முகத்தில் கறையா? நீர் கோபித்துக்கொள்ளவில்லை. "தாங்கள் கும்பிட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுடறேள். அடியேன் கும்பிட்டுட்டு முகத்தையும் பாக்கறேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றீர். அந்தப் பதிலுக்காகவே உமது பெண்ணை என் பிள்ளைக்குக் கேட்டேன் என்பது உமக்குத் தெரியாது.

பிறகு உமது சொல் மெய்யென்று என் கம்பிகளே காட்டின. பெரிய கறைக்கூட்டம் சூரியனின் நடுவுக்கு வந்து நம்மைப் பார்த்து நின்றால், ஓரிரு நாளில் உமது ஊசி நடுங்கும். ஊசி நடுங்கினால் என் கம்பிகளில் யாரும் அனுப்பாத மின்சாரம் ஓடும். கருவிகள் தாமாகவே கடகடக்கும். செய்தி ஒன்றும் தேறாது. காரணம், தந்திக்குப் போக ஒரு கம்பி, திரும்பி வரப் பூமி. அந்தப் பூமிதான் அன்றைக்குச் சொன்னபடி கேட்பதில்லை. பரிகாரமும் உண்டு. இரண்டு கம்பிகளை ஜோடி கட்டி, ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பச் செய்தால் பூமியின் தயவு வேண்டாம். ஆனால் இரண்டு கம்பியின் வேலையை அப்போது ஒன்றுதான் செய்யும். எல்லாவற்றையும் கட்டினால் ஊரின் தந்தியில் பாதி தேங்கிப்போகும். ஆகவே எனக்கு வேண்டியதெல்லாம் முன்கூட்டி ஒரு வார்த்தை. கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு உதவுகிற ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையை எப்படிச் சொன்னீர், நினைவிருக்கிறதா?

போன வருஷம், சப்தமி. தெருவெல்லாம் துர்கா பூஜையின் தாக் மேளம். நம் வீட்டில் கொலு. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தீர். கொலுவைப் பார்த்தீர். கமலத்தைப் பாடச் சொல்லிக் கேட்டீர். சுண்டலைச் சிலாகித்தீர். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று விசாரித்தீர். பிறகு எழுந்து, செருப்பை மாட்டி, குடையைக் கையில் எடுத்து, வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுகொண்டு சொன்னீர்.

"நாளைக்குத் தங்கள் கம்பிகளுக்குச் சித்தே சிரமம் இருந்தாலும் இருக்கலாம்னு அடியேனுக்குத் தோண்றது. பெருமாள் கிருபையால ஒண்ணும் இருக்காது."

"என்ன சிரமம், ஓய்?"

"பெரிசா ஒண்ணுமில்லை. தங்கள் சித்தம் எப்படியோ அப்படி."

குடையை விரித்தீர், போய்விட்டீர். நான் என்ன செய்ய? சித்தே சிரமம் என்று மூட்டுவலிக்குச் சொல்வார்கள், டிராமில் இடம் கிடைக்காததற்குச் சொல்வார்கள். ஒன்றும் இருக்காது என்று நீரே ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போன பிறகு, எங்கள் ஆபீஸ் துரையிடம் போய் ஊரின் பாதிக் கம்பியை முடக்கு என்று எந்த வாயால் கேட்பேன்?

மறுநாள் கூடத்தில் நடந்ததைக் கேளும். பாட்டரியைக் கழற்றின பிறகும் கருவிகள் அடங்கவில்லை. மதராஸ் கம்பி, ரங்கூன் கம்பி, முகத்துவாரக் கம்பி என ஒன்றிலும் உயிருள்ள சொல் வரவில்லை. அன்றைக்கென்று வானம் வேறு மூடிக்கொண்டு காற்றடித்தது. கடல் எப்படி இருக்கிறது என்று துறைமுகத்தார் ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். தெரியாது என்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினால், கமலம் கொலுவுக்கு முன்னால் நிற்கவில்லை, வாசலில் நின்றாள்.

"அவர்கிட்டேர்ந்து ஏதாவது வந்துதா, மாமா?"

உமது பெண்ணிடமும் தெரியாது என்றுதான் சொன்னேன். மறுநாள் கம்பி உயிர்த்து, தான் சௌக்கியம் என்று ரங்கன் தட்டுகிறவரை அவள் அன்னத்தில் கை வைக்கவில்லை.

விஜயதசமி அன்று, பிள்ளையைப் பெற்றவன் என்கிற கௌரவத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, உமது வீட்டுக்கே வந்து கத்தினேன்.

"எவ்வளவு பெரிசுன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எவ்வளவு?"

"நான் உத்தியோகத்துக்கு வந்தப்புறம் பாத்ததுலயே பெரிய கூட்டம். நேரா நம்மளையே பாத்துண்டு நின்னுது."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்ன, ஓய்?"

நீர் மேல்வேஷ்டியைச் சரிசெய்துகொண்டீர். பிறகு சொன்னீர்: "நவராத்திரியும் அதுவுமா, பொண்ணைக் கொடுத்த ஆத்துல வந்து, மாப்பிள்ளை உக்காந்திருக்கற கம்பி செத்துப்போகும்னு சொல்றதா? என் வாயாலயா?"

அதற்கு நான் அன்றைக்கே ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். மேகத்தைத் தூது விட்ட கவிகளும், அன்னத்தைத் தூது விட்ட கவிகளும், தூது போனவர் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு விஷயத்தை மென்று விழுங்கியதாக எங்காவது பாடியிருக்கிறார்களா? அரசன் முகம் கோணினாலும் உள்ளதை உள்ளபடி சொல்பவனையே தூதன் என்று நம் முன்னோர் கொண்டாடினார்கள். நீரோ வானத்திலிருந்து வந்த ஓலையைச் சம்பந்தி மரியாதையில் நனைத்து, எழுத்தே தெரியாதபடி என் கையில் கொடுத்தீர். நான் உம்மை ‘நீர்’ என்றும் ‘ஓய்’ என்றும் கூப்பிடுவேன். நீர் கடைசிவரை என்னைத் ‘தாங்கள்’ என்றே சொன்னீர். பெண்ணைக் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே ஏற்கெனவே இருந்த அந்தப் படிக்கட்டில் சூரியனே தடுக்கி விழுந்தான்.

தை மாதத்தில் மறுபடி வந்தீர். இந்த முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏதோ கசாயம் குடிக்கிறவர் மாதிரி, "நிச்சயம் வரும்! எல்லாக் கம்பியையும் கட்டிடுங்கோ!" என்று கத்தினீர். சமையலறையில் என் சகதர்மிணி கரண்டியைக் கீழே போட்டாள். நானும் துரையிடம் மன்றாடி எல்லாவற்றையும் ஜோடி கட்டவைத்தேன். ஆனால் உமது ஊசி அசையவே இல்லை; அன்று முழுவதும் கம்பிகள் தொட்டிலில் கிடக்கும் குழந்தை போலத் தூங்கின. சணல் வியாபாரிகளின் தந்திகள் மலையாகக் குவிந்தன. துரை என்னை அழைத்து, "மிஸ்டர் வரதராஜன், சூரியன் என் ஆபீஸில் உத்தியோகம் பார்க்கவில்லை. அவன் பேச்சைக் கேட்டு நான் ஆபீஸ் நடத்த முடியாது" என்றார்.

அதை உம்மிடம் சொன்னபோது உமக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "சூரியன் எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுக்கல்லையே! வரலாம், வராமயும் போகலாம். அதுதான் உண்மை. தங்களுக்கு உண்டு, இல்லைன்னு வேணும். நான் எங்கே போவேன்?"

"உமக்கு ஊசி ஆடினா போதும். நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியவேண்டாமா?"

"என்ன பண்ணணும்னு சம்பந்திக்கு நான் சொல்றதாவது!"

ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டீர். உம்மோடு பேசுவதும் டாலிகஞ்ச் டிராமில் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. எத்தனை தூரம் போனாலும் கடைசியில் புறப்பட்ட இடம்தான்.

அப்புறம் உமக்கு ஜுரம் வந்தது. படுக்கை அருகில் உட்கார்ந்து பாசுரம் சேவித்தேன். நீர் கண்ணைத் திறந்து கேட்டது நாராயணனைப் பற்றி அல்ல.

"கம்பியெல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம். நீர் தூங்கும்."

"முகத்துவாரக் கம்பி?"

"அதுவும் சௌக்கியம், ஓய்."

நீர் திருப்தியாகக் கண்ணை மூடினீர். ஜுரத்தில் பிதற்றுகிறீர் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நீர் கேட்கவே இல்லை.

உமது இடத்துக்கு ஹரன் பாபு வந்திருக்கிறார். உம்மோடு கூடவே வேலை பார்த்த வங்காளி. நீர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறார். ஊசி இமைத்தால் போதும், மூச்சு வாங்க எங்கள் கூடத்துக்குள் ஓடிவந்து, "பயங்கரம், மஷாய்!" என்பார். ‘மஷாய்’ என்றால் நம்மூர் ‘ஐயா’. வாராவாரம் பயங்கரம் என்றால் எவன் பயப்படுவான்? உம்முடைய சித்தேயாலும் எனக்குப் பயனில்லை, இவருடைய பயங்கரத்தாலும் பயனில்லை. ஒருவர் எல்லாவற்றையும் குறைத்தார், மற்றவர் எல்லாவற்றையும் பெருக்குகிறார். கடைசியில் துரைக்குப் பொறுமை போயிற்று. ஊசி வீட்டு ஆட்கள் இனிக் கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

உத்தரவை வீட்டில் வந்து சொன்னேன். கொலுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த கமலம் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். ரங்கன் இந்த வருஷமும் முகத்துவாரத்தில்தான் இருக்கிறான். ஊசி வீட்டிலிருந்து அரைகுறையாகவாவது வந்துகொண்டிருந்த எச்சரிக்கையும் இனி இல்லை.

ஆபீஸ் வாசல் அடைபட்டதால் ஹரன் பாபு இந்த நவராத்திரியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். டிராமில் இருந்து இறங்கி ஓடிவந்த மனிதர், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"பயங்கரம், மஷாய்! கறை பிரம்மாண்டம்! நாளைக்கு எல்லாக் கம்பியையும் கட்டுங்கள்!"

"போன மாதமும் பிரம்மாண்டம் என்றீரே?"

"அது சின்ன பிரம்மாண்டம்."

எனக்கு வந்த எரிச்சலில் அவர் கையிலிருந்த காபியைப் பிடுங்கியிருப்பேன். அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கமலம் பேசினாள். என்னிடம் அல்ல, நேராக அவரிடம், வங்காள பாஷையில். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட அதில்தான் அவளுக்குக் கூச்சம் குறைவு. தகப்பனாரின் சகாவை இவ்வூர் வழக்கப்படி சித்தப்பா முறை வைத்து அழைத்தாள்.

"காக்காபாபு, உங்க சொந்தத் தம்பி முகத்துவாரத்துல உட்கார்ந்திருக்கான்னு வெச்சுக்குங்க. நாளைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஹரன் பாபு டம்ளரைக் கீழே வைத்தார். அந்த மனிதர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அந்த ஒரு ஊருக்குப் போற ரெண்டு கம்பியை மட்டும் கட்டுவேன், மா. மத்ததையெல்லாம் அப்படியே விட்டுடுவேன்."

"ஏன்?"

"மத்ததுல நின்னா சணல் விலைதான் நிக்கும்."

"நாளைக்கு வராமலே போயிட்டா?"

"வரத்தான் அதிக வாய்ப்பு. வராமப் போனா, கப்பல் வந்த சேதி கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான். நாளை மறுநாள் விடியறவரைக்கும் கட்டி வெச்சாப் போதும்."

சம்பந்தி, எத்தனை வருஷம்! எந்தக் கம்பி நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று உம்மிடம் யாரும் சொல்லவில்லை, நீரும் கேட்கவில்லை. எது தப்பினால் எவ்வளவு நஷ்டம் என்று தெரியாமல் நீர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர். வானத்தில் எவ்வளவு நிச்சயம் என்று தெரியாமல் நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எல்லாவற்றையும் கட்டு’, ‘ஒன்றையும் கட்டாதே’ என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கும் என்று நம் இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆனால் உமக்கு உறைத்திருந்தது, இல்லையா? கடைசியில், அந்த ஜுரத்தில், ஒரே ஒரு கம்பியைப் பேர் சொல்லிக் கேட்டீரே! மரியாதையெல்லாம் உதிர்ந்த பிறகு மனிதர் கேட்ட ஒரே நேரான கேள்வி. அதற்கும் நான் தூங்கும் என்று பதில் சொன்னேன். முன்பே கேட்டிருக்கக் கூடாதா, ஓய்? குடையைக் கீழே வைத்துவிட்டு?

மறுநாள் காலையில் துரை அறைக்குப் போனேன்.

"மறுபடியும் சூரியனா?" என்றார்.

"இல்லை. முகத்துவாரம்" என்றேன்.

வராவிட்டால் தனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் அதுதான். முதல் தடவையாக என்னிடம் அதற்குப் பதில் இருந்தது: கப்பல் சேதி கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்றேன். "ஒரு நாள். அந்த ஒரு ஊர் மட்டும்" என்று துரை உறுமிவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் மூழ்கிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ரங்கூன் கம்பி முதலில் பிதற்றத் தொடங்கியது. அடுத்து மதராஸ். கூடம் முழுவதும் கருவிகள் தாமாகவே கடகடத்தன. ஜோடி கட்டின கருவிக்கு எதிரில் நின்றுகொண்டேன். அது பேசாமல் இருந்தது. துறைமுகத்திலிருந்து கேட்டு வந்த ஆள் என் தோளுக்குப் பின்னால் நின்றான். பிறகு அது தட்டியது. ரங்கனின் கை. நிறுத்தி நிறுத்தி, அவன் வழக்கப்படி.

‘கடல் அமைதி. படகுகளை விடலாம்.’

அவ்வளவுதான். இத்தனை வருஷத்துச் சண்டையும் இந்த ஒரு வரியைக் கேட்கத்தான். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கமலம் வாசலில் நிற்கவில்லை. உள்ளே சுண்டல் தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் செய்தியைச் சொன்னதும், "உப்பு போட்டேனோ இல்லையோ, நினைவில்லை மாமா" என்றாள். போட்டிருந்தாள், இரண்டு தடவை.

துரை என்ன சொன்னார், தெரியுமா? "உமது சூரியனுக்கு என் நன்றியைத் தெரிவியும்" என்றார். உமது பேரைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு உச்சரிக்க வந்திருக்காது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஆகையால்தான் இந்தக் கடிதம்.

அந்த வாரக் கடைசியில் ஊசி வீட்டுக்குப் போனேன். உமது காலத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் தேடி வருவதுதானே வழக்கம்! எந்தக் கம்பி முதலில் கலங்கியது, எப்போது தெளிந்தது என்று சொன்னேன். ஹரன் பாபு அதை ஊசியின் அசைவோடு வைத்துப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார்: "இதையெல்லாம் இத்தனை நாள் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தீர்களா, மஷாய்? இது தெரியாமல் நாங்கள் எப்படி எதைச் சொல்வது?" உமது நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கினேன். உமக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் உடம்பில் நடை இருக்கிறவரை, கம்பிகள் கலங்கினாலும் கலங்காவிட்டாலும், என்ன நடந்தது என்பதை ஊசி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். நம் வீட்டில் இனி எந்த நவராத்திரியிலும் யாரும் குடையை எடுத்த பிறகு விஷயத்தைச் சொல்ல வேண்டாம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் கெட்டது, எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயத்தோடு. சுண்டல் அப்புறம். நாளைக் காலையில் அர்க்கியம் விட்டபின் தலையைக் குனியாமல், ஊசி வீட்டுக்குப் போய், உமது தாளில் விழுகிற அந்தச் சூரியன் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

முகத்துவாரக் கம்பி சௌக்கியம். இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கமலத்தின் மாமனார்,
தங்கள் சம்பந்தி,
வரதராஜன்